பூட்டிய அலுமாரிக்குள் எங்கள் அல்பம்

முதியோர் பகல் பராமரிப்பு நிலையத்தின் முகாமைக்குழுவினருக்கும், அதனை மேற்பார்வை செய்யும் மாவட்ட, மாகாண அதிகாரிகளுக்கும்,

கடந்த மூன்று மாதங்களாக உங்கள் நிலையத்தின் அலுவலக அறையிலுள்ள இரும்பு அலுமாரிக்குள் ஒரு டெப்பும் (கையடக்கத் தொடுதிரைக் கணினி) உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்றும் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து, முன்னர் நடந்தது போலச் செவ்வாயும் வெள்ளியும் மறதி நோயுள்ள எங்கள் முதியோரின் நினைவுமீட்டல் அமர்வில் வைக்குமாறு இரண்டு தடவை நேரில் வந்து கேட்டேன். ஒரு தடவை கடிதம் எழுதிக் கேட்டேன். நேரில் கேட்டபோது வாய்மொழியாகச் சில காரணங்கள் சொல்லப்பட்டன. கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆகவே இதனைப் பலரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

உங்களிற் பலர் அந்த அமர்வை ஒரு நாளேனும் வந்து பார்த்ததில்லை என்பதால், அங்கே என்ன நடந்தது என்பதை முதலிற் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை பத்து மணிக்கு நீள மேசையைச் சுற்றி நான்கு அல்லது ஐந்து முதியவர்கள் இருப்பார்கள். எல்லோரும் மறதி நோய் உள்ளவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த இரண்டு பிள்ளைகள் தாமாக முன்வந்து அவர்களோடு அமர்வார்கள். டெப்பில் ஒரு பழைய படம், அல்லது ஒரு நிமிட வீடியோ, அல்லது வெறும் ஓசை ஒன்று மட்டும் போடப்படும். அதன் பிறகு நடப்பது பேச்சு. யாராவது ஒருவர் எதையாவது சொல்வார், இன்னொருவர் அதைப் பிடித்துக்கொள்வார், அரை மணித்தியாலம் அப்படியே போகும். டெப்பை ஒரு குடும்பம் அன்பளிப்பாகத் தந்திருந்தது. ஸ்பீக்கரை அந்தப் பிள்ளைகளே வாங்கினார்கள். நிலையத்துக்கு இதனாற் செலவு எதுவும் இருக்கவில்லை. பதினொரு மாதங்கள் நடந்த இந்த அமர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலை, முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டது.

என்னுடைய அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் உள்ள ஒரு வயற்கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து ஆரையம்பதியில் மாமி வீட்டில் தங்கிப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மண்முனைத் துறையில் ‘பாதை’ ஏறி ஊருக்குப் போய்வந்தவர். பாதை என்றால் என்னவென்று எங்கள் மாவட்டத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் அதிகாரிகளுக்காகச் சொல்கிறேன். ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் நெல்மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான படகுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பாதை இல்லாமற் போய்விட்டது. ஆனால் என் அம்மாவுக்கு அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் அல்சைமர் வகை மறதி நோய் என்று வைத்தியர்கள் உறுதிப்படுத்தினார்கள். உறவினர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. “அறளை பெயர்ந்திட்டு” என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். நோய் கூடக் கூட, பின்னேரம் நான்கு மணி ஆனதும் அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி இடுப்பிற் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். என்னை அவருடைய அக்கா என்று நினைத்துக்கொண்டு, “அக்கா, பாதை போயிடும். சுணங்கினா அப்பா ஏசுவார். மறுகா எப்பிடிப் போற?” என்று கேட்பார். இல்லை அம்மா, பாலம் கட்டிவிட்டார்கள், தாத்தா இறந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது என்று தொடக்கத்தில் நான் விளக்கிச் சொன்னேன். அது எவ்வளவு பெரிய கொடுமை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. தகப்பன் இறந்த செய்தியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டு, ஒவ்வொரு நாளும் புதிதாக அழுதார். இரண்டு தடவை கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஒரு தடவை கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் அடையாளம் கண்டு கூட்டி வந்தார்.

அமைதிப்படுத்தும் குளிசையைக் கூட்டலாமா என்று நான் கேட்டபோது, மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டக்கூடும், தவிர்க்க முடியாதபோது மட்டும் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னார். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் இவ்வகை மருந்துகள் பற்றி 2005 இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். குளிசையும் இல்லை, விளக்கிச் சொல்லவும் முடியாது என்ற நிலையில் நான் நின்றபோதுதான் உங்கள் நிலையத்தில் அந்த அமர்வு தொடங்கியது.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மண்முனைப் பாதையின் வீடியோ ஒன்றைத் தேடிக் கொண்டு வந்திருந்தார். பாலம் திறப்பதற்கு முன்னர் யாரோ கையடக்கத் தொலைபேசியில் எடுத்தது. படம் ஆடும், முழுவதும் ஒரு நிமிடங்கூட வராது. நான் அன்று அம்மாவின் பின்னால் கதிரையில் இருந்தேன். படகின் பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டதும் அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. வலது கையை நீட்டி, திரைக்குள் நின்ற ஒரு சைக்கிளைச் சுட்டிக்காட்டி, “அதக் கயித்தால கட்டல்ல. விழப்போகுது” என்றார். பக்கத்தில் இருந்த பெண்மணி, “எங்கட மாடு ஒண்டு அப்பிடித்தான் விழுந்த” என்றார். அதற்குப் பிறகு இருபது நிமிடங்கள் அவர்கள் இருவரும் பேசினார்கள். மாடு நீந்திக் கரையேறியதா, அதற்கு யார் ஏச்சு வாங்கியது, பாதைக்காரருக்கு எத்தனை சதம் கொடுத்தார்கள் என்றெல்லாம். பெயர் கேட்டால் தடுமாறுகிற என் அம்மா, முழு வசனங்களிற் பேசினார்.

அந்த வீடியோவை என் தொலைபேசிக்கு வாங்கிக்கொண்டேன். அன்று முதல் பின்னேரம் நான்கு மணிக்கு அம்மா வாசலுக்கு வரும்போது, “பாதை வந்திட்டு, வாங்க பார்ப்பம்” என்று கதிரையில் இருத்தி அதைப் போடுவேன். மூன்று நான்கு தடவை பார்ப்பார். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டவர் போல் ஒரு பெருமூச்சு விட்டு, சேலைத் தலைப்பை எடுத்து விடுவார். எல்லா நாளும் இப்படி ஆவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் எதுவும் எடுபடாது. ஆனால் மற்ற ஐந்து நாட்களில் எங்கள் வீட்டுக் கேற்றுக்குப் பூட்டுப் போட வேண்டியிருக்கவில்லை.

என் தாயின் கதை ஒன்றை வைத்து நான் வழக்காடவில்லை. வாவியில் வலை வீசி வாழ்ந்த பெரியவர் ஒருவர் அந்த மேசைக்கு வருவார். பேச்சு முற்றாக நின்றுபோனவர். வீச்சுவலை வீசும் காட்சி ஓடிய அன்று அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் இடது முழங்கையை மடித்து, இல்லாத வலையின் ஓரத்தை அதன்மேல் போட்டு, வலது கையால் மடிப்பு மடிப்பாக அள்ளி எடுத்து, ஈயக்குண்டுகள் சிக்காதபடி விரலால் உதறிவிட்டுக்கொண்டே இருந்தார். அவரைக் கூட்டி வந்திருந்த பேரன், தான் பிறந்ததிலிருந்து தாத்தா வலை பிடித்து ஒரு நாளும் கண்டதில்லை என்றார். அந்தப் பேரனுக்கு அன்று கிடைத்தது ஒரு நோயாளி அல்ல, ஒரு தாத்தா. நெசவு ஊரான மருதமுனையில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட உம்மா ஒருவர், கைத்தறி ஓசை ஒலித்துக்கொண்டிருந்தபோது அது ஓரிடத்தில் ஒரு கணம் நிற்கவும், “நூல் அறுந்திட்டு, பாருங்க மகன்” என்றார். எங்களில் ஒருவருக்கும் அந்த இடைவெளி காதில் விழுந்திருக்கவில்லை.

இது வைத்தியம் அல்ல, பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு ஊழியர் நேரத்தை ஒதுக்க முடியாது என்பது எனக்குச் சொல்லப்பட்ட முதற் காரணம். இதற்கு நான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

வயதானவர்கள் பழங்கதை பேசுவதைக் குறைபாடாகவே வைத்தியர்கள் பார்த்து வந்த காலத்தில், அமெரிக்க மனநல வைத்தியர் ரொபர்ட் பட்லர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அது முதுமையில் மனம் தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான வேலை என்று வாதிட்டார். நினைவுமீட்டல் சிகிச்சை என்று இன்று வழங்கும் முறைக்கு வித்திட்டவை இத்தகைய சிந்தனைகளே. மறதி நோயில் புதிய நினைவு முதலில் போகும், பழையது நெடுநாள் நிற்கும் என்பதைப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881 இலேயே எழுதியிருக்கிறார். அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்குவது, புதிய நிகழ்ச்சிகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியை. அதனாற்றான் காலையில் சாப்பிட்டது தெரியாத ஒருவருக்குப் பத்து வயதில் ஏறிய படகின் பலகை தெரிகிறது. மறதி நோய்க்காரருடன் பேச நம்மிடம் மிஞ்சியிருக்கும் நிலம் அதுதான். அந்த நிலத்துக்குப் போவதற்கு ஒரு படமோ ஓசையோ துறைமுகமாக வேண்டும்.

இந்த வேலையைக் கணினித் திரையிற் செய்வது நேற்று முளைத்த விளையாட்டும் அல்ல. ஸ்கொட்லாந்தின் டண்டீ, சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடுதிரையில் படங்களும் பாடல்களும் வீடியோக்களும் கொண்ட ‘சேர்க்கா’ என்ற நினைவுமீட்டல் கருவியை உருவாக்கினார்கள். அதில் அவர்கள் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குடும்பப் படங்களை வேண்டுமென்றே தவிர்த்து, அந்த ஊராருக்குப் பொதுவான பழைய காட்சிகளை அதில் வைத்தார்கள். குடும்பப் படத்தைக் காட்டினால் நாம் அறியாமலே “இது ஆர் சொல்லுங்க பார்ப்பம்” என்று கேட்டுவிடுவோம். அந்தக் கணமே அது பரீட்சையாகிவிடும், அவர் தோற்றுவிடுவார். பொதுக் காட்சியில் சரி பிழை கிடையாது. எதைப் பார்ப்பது என்று அவரே தெரிவு செய்யலாம், பேச்சை அவரே தொடங்கலாம். அந்தக் கருவியைப் பயன்படுத்தியபோது நோயுள்ளவர்கள் உரையாடலைத் தாமே கொண்டுசெல்வது கூடியதாக அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மண்முனைப் பாதையைக் கண்டதும் என் அம்மா செய்ததும் அதுதான்.

இதனால் நோய் மாறும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நினைவுமீட்டல் சிகிச்சை பற்றி 2018 இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வு 22 ஆய்வுகளை, 1,972 நோயாளர்களை உள்ளடக்கியது. வாழ்க்கைத் தரத்திலும் சிந்தனையிலும் பேச்சுத்தொடர்பிலும் சில சூழ்நிலைகளில் நன்மை உண்டு, ஆனால் அந்த நன்மை சிறியது, இடத்துக்கிடம் வேறுபடுவது என்பதே அதன் முடிவு. இதை உங்களுக்கு மறைக்காமற் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சிறிய நன்மை எங்கள் வீட்டில் என்ன அளவு என்பது எனக்குத் தெரியும். அது கேற்றுக்குப் பூட்டுப் போடாத ஐந்து பின்னேரங்கள். நோயைத் திருப்பும் மருந்து இல்லாத நிலையில், இவ்வளவு மலிவான, சிறிய நன்மையைத் தட்டிவிடும் உரிமை யாருக்கும் இல்லை.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன்.

படம் பார்க்கத்தானே, வீட்டு அல்பத்தைக் காட்டுங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். எங்கள் வீட்டில் அல்பம் இல்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் அம்மா பிறந்த வீட்டின் கூரை போனது. தாத்தாவின் படமும், அவர் கூத்துக்கு உடுப்புக் கட்டி நின்ற படமும் அந்த மழையில் ஊறி அழிந்தன. 1990 இல் சண்டையின்போது உடுத்த உடுப்போடு வெளியேறியபோது அம்மாவின் கலியாணப் படங்கள் வீட்டோடு போயின. பிறகு சேர்த்துவைத்த கொஞ்சத்தை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எடுத்துக்கொண்டது. நாவலடியிலிருந்து பொத்துவில் வரை, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், கரையோரத்தில் எத்தனை வீட்டில் ஐம்பது வருடப் பழைய படம் ஒன்று இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். உலகில் வேறிடங்களில் மறதி நோயுள்ளவரின் மகள் பெட்டியைத் திறந்து படத்தை எடுக்கிறாள். எங்களுக்குத் திறக்கப் பெட்டி இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் வீடு வீடாகக் கேட்டும், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டும், இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களையும் ஓசைகளையும் அந்த டெப்பிற் சேர்த்திருந்தார்கள். பழைய கல்லடி இரும்புப் பாலம், மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு, மாடுகளை விட்டு நெல் பிரிக்கும் களவெட்டியில் சூடு மிதிப்பு, கூத்து அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும், தயிர்ச் சட்டி அடுக்கிய வண்டில், உதயதேவி நிற்கும் புகையிரத நிலையம். ஒவ்வொரு வீட்டிலும் அழிந்ததில் ஒரு துண்டு வேறொரு வீட்டில் மிஞ்சியிருந்தது. அந்தத் துண்டுகளெல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் அந்த டெப். நீங்கள் பூட்டி வைத்திருப்பது எங்கள் எல்லோருக்கும் மிஞ்சிய ஒரே அல்பம்.

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் ஆயத்தச் செயலிகள் இதற்கு மாற்றாகா. தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகள் அப்படியொன்றை இறக்கித்தான் போட்டார்கள். இலண்டன் தெருவில் செல்லும் இரட்டைத்தட்டு பஸ்ஸும் பனி விழுந்த தோட்டமும் வந்தன. மேசையைச் சுற்றி ஒருவரும் அசையவில்லை, ஒரு பெரியவர் நித்திரையாகிவிட்டார். இலங்கை வானொலியில் அந்தக் காலத்தில் கேட்ட சினிமாப் பாடல்களைப் போட்டபோது கால் தாளம் போட்டது. ஊர்க் காட்சி வந்தபோதுதான் வாய் திறந்தது.

சொல்லப்பட்ட இரண்டாவது காரணம், அமர்வில் ஒரு தாய் அழுதார் என்பது. அது உண்மை. கடற்கரைப் படம் ஒன்றைக் கண்டு அவர் அழுதார். கடலில் பேரப்பிள்ளையை இழந்தவர் அவர் என்பது படத்தைப் போட்ட பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. அது தவறு, அந்தத் தவறை நான் சிறிதாக்கவில்லை. எங்கள் மண்ணில் பழைய நினைவைத் தட்டும்போது எதன்மேல் கை படும் என்பது யாருக்கும் தெரியாது. சூறாவளியும் சண்டையும் சுனாமியும் எல்லோர் நினைவிலும் கலந்து கிடக்கின்றன. ஆனால் அன்று என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். அந்தப் பிள்ளை உடனே திரையை அணைத்தார், பக்கத்திற் போய் இருந்தார், கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாய் பேரனின் பெயரைச் சொன்னார். நெடுநாளாக அவர் வாயில் வராத பெயர் அது என்று மருமகள் என்னிடம் சொன்னார். முறைப்பாடு செய்ய அவர்கள் எண்ணவேயில்லை. அடுத்த கிழமை அந்தக் குடும்பத்திடம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று கேட்டு எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு முதியவருக்கும் அப்படி ஒரு பக்கம் முதலிலேயே எழுதியிருந்தால் அந்தக் கண்ணீர் வந்திராது. அதற்குத் தேவை ஒரு படிவமும் ஒரு நாள் பயிற்சியும். பூட்டு அதற்குத் தீர்வாகாது.

தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பு என்பது மூன்றாவது காரணம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு என்பதை நானும் அறிவேன். நோய் பற்றிய தகவலைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் களவெட்டியின் படம் யாருடைய நோயையும் சொல்வதில்லை. குடும்பப் படங்களுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அமர்வை எவரும் வீடியோ எடுத்து முகநூலில் இடக் கூடாது என்று விதி போடுங்கள், டெப்பில் இணைய இணைப்பையே எடுத்துவிடுங்கள்; எல்லாவற்றுக்கும் நாங்கள் உடன்படுகிறோம். இங்கே ஒன்றை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்தில், அன்பளிப்புப் பொதியைக் கையில் கொடுத்து என் அம்மாவைப் படம் எடுத்து வெளியிட்டவர்கள், அவரிடமோ என்னிடமோ சம்மதம் கேட்கவில்லை.

டெப் நிலையத்தின் பொருட்பதிவேட்டில் ஏறிவிட்டது, அலுவலகப் பதிவு வேலைக்கு அது தேவைப்படலாம் என்றும் சொன்னார்கள். மூன்று மாதமாக அலுமாரிக்குள் இருக்கும் பொருளுக்கு அலுவலகத் தேவை இருப்பதாக நான் நம்பவில்லை. அப்படி இருந்தால், அந்தத் தேவைக்கு ஒரு கருவியை வாங்கித் தர எங்கள் குடும்பங்கள் ஆயத்தமாக இருக்கின்றன.

நிறுத்தப்பட்டதன் பின் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். முதல் இரண்டு கிழமையும் செவ்வாய்க்கிழமைகளில் அம்மா அந்த மேசைக்குப் போய் இருந்தாராம். வெறும் மேசையைக் கையால் தடவிக்கொண்டிருந்ததாகத் தாதி ஒருவர் சொன்னார். இப்போது போவதில்லை. வலை வீசும் பெரியவர் வருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் கட்டிலில் இருக்கிறார். இந்த நோயில் மூன்று மாதம் என்பது சிறிய காலம் அல்ல. சித்திரையில் பேசிய சொல் ஆடியில் இருக்காது. நீங்கள் கோப்பைப் பார்த்து முடிவெடுக்கும் நேரத்தில் அம்மாவிடமிருந்து பாதையும் போய்விடலாம்.

உலகில் 2021 இல் 5.7 கோடிப் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாகவும், அவர்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டாகிறது. இரண்டு மாவட்டங்களிலும் மறதி நோயுள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வேலையை விட்டவர்கள், உறக்கம் கெட்டவர்கள். அவர்கள் யாரிடமும் பணம் கேட்கவில்லை. இருந்ததைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே முகாமைக்குழுவினரிடம் நான் கேட்பது: அந்த டெப்பையும் ஸ்பீக்கரையும் இந்த மாத முடிவுக்கு முன்னர் வெளியே எடுங்கள். அதிலுள்ள படங்களையும் ஓசைகளையும் அழிக்காமல், எவரும் அழிப்பதற்கு முன்னர், இரண்டு மெமரி கார்ட்டுகளிற் பிரதியெடுத்து ஒன்றை நிலையத்திலும் மற்றதைக் குடும்பங்களின் பிரதிநிதி ஒருவரிடமும் வையுங்கள். இதை எல்லாவற்றுக்கும் முதலில் செய்யுங்கள். மற்றவை சுணங்கினாலும் இது சுணங்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி அமர்வுகளை, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேற்படாமல், முன்னர் இருந்த பத்து மணிக்கே மீண்டும் தொடங்குங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சோர்வு வந்துவிடும். ஊழியர் ஒருவரை அந்த அரை மணித்தியாலத்துக்கு மட்டும் பொறுப்பாக நியமியுங்கள். முதியவர் ஒவ்வொருவரைப் பற்றியும் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதும் ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பை, எதைக் காட்டக் கூடாது என்ற பகுதியோடு, சம்மதப் படிவத்துடன் சேர்த்து வாங்குங்கள். படிவத்தைத் தயாரிக்கும் வேலையை நானே செய்து தருகிறேன்.

மாவட்ட, மாகாண அதிகாரிகளிடம் கேட்பது: மாவட்டத்தின் உளநலப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பி, அமர்வை நடத்தும் பிள்ளைகளுக்கும் ஊழியருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஒருவர் கலங்கினால் என்ன செய்வது, எப்போது நிறுத்துவது, பரீட்சைக் கேள்வி கேட்காமல் பேச்சுக் கொடுப்பது எப்படி என்பவை அதில் இருக்க வேண்டும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திடமும், கிழக்குப் பல்கலைக்கழகத்திடமும், பொது நூலகங்களிடமும், இணையத்தில் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, எங்கள் இரு மாவட்டங்களின் பழைய படங்களையும் கூத்து, வசந்தன், குளிர்த்தி ஒலிப்பதிவுகளையும் இந்தப் பயன்பாட்டுக்குப் பெற்றுத் தாருங்கள். முஸ்லிம் ஊர்களின் காட்சிகள் எங்களிடம் மிகக் குறைவு. காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனை, அக்கரைப்பற்று வீடுகளிலிருந்து அவை சேர வேண்டும். சேர்ந்தவற்றை மற்ற நிலையங்களுக்கும் கொடுங்கள்.

எதையாவது மறுப்பதாக இருந்தால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில், பொறுப்பதிகாரியின் ஒப்பத்துடன் தாருங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருவேன். அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அன்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்தில் பதிவு பெற்ற ஒரு தாயின் மகள்,
கல்லடி, மட்டக்களப்பு.